இரண்டு மணிச் சோறு

சென்ற வருடம் மாசியில் அம்மாவுக்கு வந்த காய்ச்சல் ஐந்து நாளில் விட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவருக்குப் பசி என்ற ஒன்று வரவேயில்லை.

அவருக்கு எழுபத்தெட்டு வயது. புளியங்கூடலில் எங்கள் வீட்டில் அவரும் நானும் மட்டும்தான். அப்பா இறந்து பன்னிரண்டு வருடமாகிறது. நான் கலியாணம் செய்யவில்லை. பக்கத்து ஊரில் ஒரு சிறிய பாடசாலையில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறேன். என்னைவிட ஐந்து வயது இளைய தங்கை ஒருத்தி, இருபத்தைந்து வருடமாகப் பிரான்சில் இருக்கிறாள்.

விடியற்காலையில் எழும்பி, சோறும் ஒரு கறியும் சொதியும் வைத்து, அம்மாவின் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு மூடி மேசையில் வைத்துவிட்டு ஏழு மணிக்கு ஸ்கூட்டியில் புறப்படுவேன். இரண்டு மணிக்குத் திரும்பி வரும்போது கோப்பை வைத்தபடியே இருக்கும். திறந்து பார்த்தால் சோற்றில் விரல் பட்ட அடையாளமும் இராது. பசிக்கவில்லை என்பார். டொக்டர் இரத்தம் சோதித்துப் பார்த்தார். உடம்பில் பெரிய வருத்தம் எதுவும் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள் என்றார். குரக்கன் கஞ்சி காய்ச்சினேன். இடியப்பத்தைத் தேங்காய்ப்பாலில் ஊறவைத்தேன். விளைமீனை அவித்து முள் எடுத்துச் சோற்றோடு குழைத்து, உருண்டை பிடித்து, என் கையாலேயே தீத்திப் பார்த்தேன். இரண்டாவது வாய்க்கே உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிடுவார். சட்டை தோளில் நிற்காமல் வழுகத் தொடங்கியது.

பங்குனி தொடக்கத்தில் ஒரு நாள் அப்படித் தீத்திக்கொண்டிருந்தபோது தங்கை வீடியோவில் அழைத்தாள். அங்கே காலை பத்து மணியாகப் போகிற நேரம். அவள் ஒரு உணவகத்துக் குசினியில் வேலை செய்கிறாள். மத்தியானம் போனால் வீடு திரும்ப நெடுநேரமாகும். கையில் ஒரு துண்டுப் பாணோடு இருந்தாள். நான் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாத்தி வைத்துவிட்டு இரசம் எடுத்துவரக் குசினிக்குப் போனேன். திரும்பி வந்தபோது கோப்பையில் பாதிச் சோறு இல்லை. அம்மா மென்றுகொண்டிருந்தார்.

அன்றைக்கு எனக்கு வந்தது சந்தோஷம்தான். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து இரண்டேகால் மணிக்கு அழைப்பு வரும், அம்மா சாப்பிடுவார். தங்கை ஒரு பெரிய போனே வாங்கி அனுப்பினாள், அம்மாவின் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று.

இரண்டு கிழமை கழித்து, எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் தங்கையின் குரல் வந்தது. அம்மா இப்போது தான் சொன்னால்தான் சாப்பிடுகிறா, தான் ஒரு நாள் அழைக்காவிட்டால் என்ன ஆகுமோ தெரியாது என்று சொல்லியிருந்தாள். அதற்குக் கீழே கும்பிடும் கைகளும் பூக்களும் வரிசையாக வந்தன. கனடாவில் இருக்கும் சித்தி, எத்தனை தூரத்தில் இருந்தாலும் அவள்தான் தாயைப் பார்க்கிறாள் என்று எழுதியிருந்தார். நான் அதை வாசித்தபோது குசினியில் இருந்தேன். கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. அந்த மீனை வெட்டப் போவது நான். கழுவப் போவது, அரைக்கப் போவது, முள் எடுக்கப் போவது, பிறகு கோப்பையைக் கழுவிக் கவிழ்க்கப் போவதும் நான். அவள் பாணைக் கடித்தபடி திரையில் இருக்கப் போகிறாள்.

இந்தப் பொறாமை அன்றைக்குப் புதிதாக வந்ததல்ல.

தங்கை சாப்பிடாத பிள்ளை. ஒன்பது வயது வரைக்கும் அம்மா அவளுக்குக் கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு வளவெல்லாம் திரிந்திருக்கிறார். ஆட்டைக் காட்டி ஒரு வாய், வேலியில் இருந்த ஓணானைக் காட்டி ஒரு வாய். நான் குசினிக்குள் பலகையில் இருந்து என் சோற்றைச் சாப்பிட்டு முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் படிக்கப் போய்விடுவேன். வீட்டுக்கு வருகிறவர்கள் தங்கையின் எலும்பைத் தொட்டுப் பார்த்து இரங்குவார்கள். என்னைப் பார்த்தால், இவளுக்குக் கல்லைக் கொடுத்தாலும் சாப்பிடுவாள் என்று சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பார்.

பத்து வயதில் ஒரு மத்தியானம் எனக்குச் சோறு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா என் பின்னால் கோப்பையோடு வருவார் என்று நினைத்து வளவின் மூலையில் பனை வடலிகளுக்குப் பின்னால் போய் இருந்தேன். அவர் பானையை மூடிவிட்டு, பசித்தால் வந்து போட்டுச் சாப்பிடு என்று குசினிக்குள் இருந்தபடியே சொன்னார். நாலு மணி வரைக்கும் பொறுத்தேன். பிறகு நானே போய்ப் போட்டுச் சாப்பிட்டேன். கறி ஆறிப்போயிருந்தது. என்னை ஒருவரும் கவனிக்கவில்லை.

போர்க் காலத்தில் எங்கள் ஊர் இருக்கும் தீவை விட்டு எல்லோரும் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணப் பக்கத்தில் ஒரு பாடசாலை மண்டபத்தில் கிடந்த நாட்களிலும் அப்படித்தான். கிடைத்த முட்டை தங்கைக்கு. பெரியவள் பொறுத்துக்கொள்வாள் என்றார் அம்மா. நான் பொறுத்துக்கொண்டேன். வயிற்றில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு படுத்தால் பசி கொஞ்சம் அடங்கும் என்பதை நான் அங்கேதான் கண்டுபிடித்தேன். அதை யாருக்கும் சொல்லவில்லை.

இவ்வளவையும் ஐம்பத்திரண்டு வயதில், ஒரு பாடசாலை ரீச்சராக இருந்துகொண்டு, மீன் சட்டிக்கு முன்னால் நின்று நினைத்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அடுத்த நாள் நான் செய்ததை எழுத இன்னும் வெட்கம்.

பெரிய போனை நிறுத்தி, அலுமாரிக்குள் சீலைகளுக்கு அடியில் வைத்தேன். போன் பழுதாகிவிட்டது, திருத்தக் கொடுத்திருக்கிறேன் என்று அம்மாவுக்குச் சொன்னேன். தங்கைக்கும் அதையே எழுதினேன். உன் போனில் எடுக்கிறேனே என்று அவள் கேட்டதற்கு, வீட்டில் கவரேஜ் சரியில்லை என்று ஒரு பொய். ஒரு கிழமை கிடைத்தால் போதும், அம்மாவை என் கையால் சாப்பிட வைத்துவிடலாம் என்று நம்பினேன்.

முதல் நாள் இரால் குழம்பு வைத்தேன். அம்மாவுக்கு ஒரு காலத்தில் உயிர். இரண்டு வாய்க்கு மேல் போகவில்லை. தங்கைக்கு, அம்மா சாப்பிட்டா, நான் தீத்தினனான் என்று எழுதினேன். அவள் நல்லது என்று ஒரு சொல் அனுப்பினாள். இரண்டாம் நாள் முருங்கைக்காய்ப் பால்கறி. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, மரக்கறிதான். கத்தரிக்காயை வதக்கிப் புளி விட்டு வைத்தேன். அம்மா கோப்பையைப் பார்க்கவேயில்லை. போன் இருந்த இடத்தையே பார்த்தார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் சாப்பிடாவிட்டால் நானும் சாப்பிட மாட்டேன் என்று சொல்லி என் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"உனக்கென்ன பிள்ளை, நீ பிறகு சாப்பிடுவாய்," என்றார் அம்மா.

நான் உண்மையாகவே சாப்பிடவில்லை. பின்னேரத் தேத்தண்ணீரும் இல்லை, இரவுப் புட்டும் இல்லை. சனிக்கிழமை காலை பாடசாலையில் ஒரு கூட்டம் இருந்தது. வெறும் வயிற்றோடு போய், கூட்டத்தின் நடுவில் தலை சுற்றி மேசையைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த ரீச்சர் தன் பையில் இருந்த பணிசை எடுத்துத் தந்தார். மூன்று கடியில் அதை விழுங்கினேன். அம்மா சொன்னது சரிதான் என்று தெரிந்தபோது அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்தால் அம்மாவைக் கதிரையில் காணவில்லை. கிணற்றடியில் நிலத்தில் இருந்தார். முகம் கழுவ வந்தவர் கால் மடிந்து அப்படியே இருந்துவிட்டாராம். எழும்ப ஏலாமல் எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. தூக்கினேன். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் பாரம்தான் இருந்தது. அவரை உள்ளே கொண்டுபோய் இருத்திவிட்டு, நேரே அலுமாரியைத் திறந்து போனை எடுத்துத் தங்கைக்கு அழைத்தேன்.

தங்கை உடனே எடுத்தாள். அம்மா களைத்துப்போயிருந்ததால் நான் பக்கத்தில் இருந்து போனைப் பிடித்துக்கொண்டேன். அதுவரை ஒரு நாளும் நான் அப்படி இருந்து பார்த்ததில்லை. போனைச் சாத்திவிட்டு, பார்க்கப் பிடிக்காமல் குசினிக்குப் போய்விடுவேன்.

"சாப்பிட்டனியே?" என்றுதான் அம்மா முதலில் கேட்டார்.

"இல்லையம்மா. மூண்டு நாளா ஒண்டும் இறங்கேல்லை."

அம்மா நிமிர்ந்து இருந்தார். கிணற்றடியில் இருந்து நான் தூக்கி வந்தவர் இவர்தானா என்று இருந்தது. "போய் எடுத்துக்கொண்டு வா. உனக்கு முன்னால வை," என்றார். தங்கை எழும்பிப் போய் ஒரு கோப்பையோடு வந்தாள். அம்மா என்னைப் பார்க்காமலே தன் கோப்பையை இழுத்து, சோற்றை எடுத்து வாயில் வைத்தார். மென்றார். பிறகு கையைக் கோப்பையிலேயே வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி காத்திருந்தார். தங்கை ஒரு வாய் வைத்தாள். "விழுங்கு," என்றார் அம்மா. அவள் தொண்டை அசைந்த பிறகுதான் அம்மாவின் கை அடுத்த வாய்க்கு எழும்பியது. அவள் இடையில் நிறுத்தினால் இவரும் நிறுத்துவார். உடனே அங்கே அவளும் எடுப்பாள். அப்படியே இரண்டு கோப்பையும் ஒன்றாக முடிந்தன.

தான் அம்மாவைச் சாப்பிட வைப்பதாகத் தங்கை நினைத்திருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்து வயிறெரிந்தேன். அம்மா இன்னும் அவளுக்குத்தான் தீத்திக்கொண்டிருந்தார். அதற்காகவே தானும் விழுங்கினார். அதைக் கண்டதும் என் பொறாமை குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. இன்னும் கூடியது.

அன்று பின்னேரம் அம்மாவின் காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன்.

"அவளுக்காகச் சாப்பிடுறியள். எனக்காக ஏன் ஒரு வாய் சாப்பிட ஏலாது?"

அம்மா நான் ஏதோ தெரியாத பாஷையில் பேசியது போல என்னைப் பார்த்தார்.

"நீ பசிச்சால் சாப்பிடுவாய் பிள்ளை. உன்னில எனக்கு ஒரு நாளும் பயம் இருக்கேல்லை," என்றார். பிறகு, மற்றக் காலை நீட்டினார்.

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். குரலில் பெருமையும் இருந்தது. ஒரு பிள்ளையைப் பற்றிப் பயமே இல்லாமல் இருந்ததற்கு அவர் எனக்கு நன்றி சொல்கிறார் என்றுகூட எடுத்துக்கொள்ளலாம். நான் பல நாள் அப்படி எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் என்னைப் பற்றியும் ஒருவர் கொஞ்சம் பயந்திருக்கலாம் என்ற ஆசை போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தங்கையைத் தனியாகப் போனில் எடுத்து உண்மையைச் சொன்னேன். போன் பழுதில்லை, நான்தான் ஒளித்து வைத்தேன், அம்மா சாப்பிட்டா என்று எழுதியதும் பொய் என்றேன். அம்மா விழுந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டாள். விழுந்தவர்தான் என்றேன். அவள் அழுதாள், ஏசினாள், போனை வைத்துவிட்டாள். பிறகு திரும்ப எடுத்தாள். நாள் முழுக்க எண்ணெய் மணத்துக்குள் நின்று வேலை செய்வதால் சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுகிறது என்றாள். மகன் வேலை கிடைத்து வேறு நகரத்துக்குப் போனபிறகு தனக்கென்று சமைப்பதுமில்லை. அம்மாவோடு இருந்து சாப்பிடுவதுதான் ஒரு நாளைக்கு அவளுக்கும் ஒரே சாப்பாடு. இதைச் சொல்லிவிட்டு, குழுவில் அப்படிப் பேசியதற்கு மன்னிக்கச் சொன்னாள். நானும் மன்னிக்கச் சொன்னேன். இரண்டு பேரும் முழுமனதோடு சொன்னோமா என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு நான் ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டேன். பாடசாலையால் வந்து கை கழுவியதும் முதலில் நான் சாப்பிடுவேன், வயிறு நிறைய, மேசையில் இருந்து. அதற்குப் பிறகுதான் அம்மாவுக்குப் போட்டு, தங்கையைப் போனில் எடுப்பேன். வெறும் வயிற்றோடு அந்தக் காட்சியைப் பார்க்க என்னால் ஏலாது. அம்மா சித்திரைக்குப் பிறகு கொஞ்சம் தேறினார். சட்டை தோளில் நின்றது.

ஆடியில் ஒரு நாள் அம்மா டொக்டரிடம் கண் காட்டிவிட்டு வந்த களைப்பில் நித்திரையாகிவிட்டார். இரண்டேகாலுக்குத் தங்கை அழைத்தாள். அம்மா படுத்திருக்கிறா, எழுப்பவில்லை என்றேன். சரி என்றாள், ஆனால் வைக்கவில்லை. அவளுக்கு முன்னால் கோப்பை இருந்தது. சோறும் ஏதோ கீரையும். விரலால் அளைந்துகொண்டிருந்தாள். கன்னம் ஒட்டியிருந்ததை அன்றுதான் கவனித்துப் பார்த்தேன். வளவில் ஓடிய அதே மெலிந்த முகம், இப்போது நரைத்த தலைமயிரோடு.

"சாப்பிடு," என்றேன்.

"பிறகு சாப்பிடுறன் அக்கா."

"இல்லை. நான் பாத்துக்கொண்டிருக்கிறன். இப்ப சாப்பிடு."

ஒரு வாய் வைத்தாள். நான் சாப்பிட்டு முடித்திருந்தேன். ஆனாலும் குசினிக்குப் போய்ப் பானையில் இருந்த சோற்றில் கொஞ்சம் போட்டுக்கொண்டு வந்து அவளுக்கு முன்னால் இருந்தேன். அவள் நிறுத்தியபோது நானும் நிறுத்தினேன். அவள் விழுங்கியபோது எனக்கு நெஞ்சில் ஏதோ இளகியது. அம்மாவுக்கும் தினமும் இப்படித்தான் இருந்திருக்கும். அது அவ்வளவு இனிமையாக இருந்தது. இதைத் தனக்கு மட்டும் வைத்துக்கொண்டாரே என்று அம்மாவில் புதிதாக ஒரு பொறாமை வந்தது.

கோப்பை காலியானதும் தங்கை அதைத் தூக்கித் திரைக்குக் காட்டினாள். பிறகு வேலைக்கு நேரமாகிறது என்று எழும்பினாள். உள்ளே அம்மா இருமும் சத்தம் கேட்டது. நான் கையைக் கழுவிக்கொண்டு அவருக்குக் கஞ்சி சூடாக்கப் போனேன்.