வெள்ளாற்றுக்கு ஒரு விசில்

புதுக்கோட்டையிலிருந்து அரிமளம் வழியாக ஆவுடையார்கோவில் போகும் பஸ்ஸில் அந்தக் கண்டக்டரைப் பார்த்தேன். நரைத்த மீசையை முறுக்கி விட்டிருந்தார். வெள்ளாற்றுப் பாலம் வந்ததும் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு, படிக்கட்டில் நின்று மேற்கே பார்த்தபடி நீளமாக ஒரு விசில் கொடுத்தார். டிரைவர் வேகத்தைக் குறைத்தார். கீழே மணலும் கருவேலமும்தான் கிடந்தன.

காவிரிக்கரையில் பிறந்த திமிரில் கேட்டேன்: “சொட்டுத் தண்ணியில்லாத ஆத்துக்கா இவ்வளவு மரியாதை?”

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். “மேக்க மலையில கிளம்புறப்ப கொஞ்சந்தாங்க. வழியில குண்டாறு, ஓடையெல்லாம் ஏறிக்கிட்டுக் கூட்டமாத்தான் வரும். அங்கிட்டு இங்கிட்டு கண்மாய் இருக்குல்ல, ஒவ்வொண்ணுலயும் எறங்கிரும். அம்புட்டும் கடலுக்கு டிக்கெட் எடுத்தா, ஊரு எப்படிங்க வெளையும்?”

“எங்க காவிரி கடல் வரைக்கும் போகுதே?”

“எறக்கிவிட ஆளில்லாமப் போகுதுங்க.”

ஆவுடையார்கோவிலில் கடைசியாக இறங்கியவன் நான்தான். காலியான சீட்டுகளை அவர் ஒருமுறை பார்த்தார். பாலத்தில் அந்த மணலைப் பார்த்த அதே பெருமிதம் முகத்தில் இருந்தது.

இப்போதெல்லாம் காவிரி நுரைத்துக்கொண்டு கடலுக்கு ஓடினால், ஸ்டாப்பில் நிற்காமல் போகும் பஸ்ஸைப் பார்க்கிற எரிச்சல்தான் எனக்கு வருகிறது.