காதர் பாய் கயிறு மடித்த நேரம்

எங்கள் குடியிருப்பின் லிஃப்டுக்குள் நேற்று ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். சாமான் கொண்டுவரும் ஆட்கள் லிஃப்டில் ஏறக்கூடாதாம். அவர்களுக்கு டிப்ஸ் கொடுத்து யாரும் பழக்கப்படுத்தவும் கூடாதாம். கீழே குடியிருப்புச் சங்கச் செயலாளரின் கையெழுத்து. முதலியார்பேட்டையில் மூன்றாவது மாடி வீடு எனக்கு. இன்று காலை வாஷிங் மெஷின் வந்தது. இரண்டு பேர் அதைப் படியில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். லிஃப்ட் காலியாகத்தான் நின்றுகொண்டிருந்தது.

இருவரில் மூத்தவருக்கு மூச்சு இரைத்தது. நான் பணத்தை எடுத்து நீட்டியதை எதிர்வீட்டில் இருக்கும் செயலாளர் பார்த்துவிட்டார்.

"உங்கள மாதிரி ஆளுங்கதான் சார் கெடுக்குறது. நாளைக்கு நாங்க குடுக்கலன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவான்."

மூஞ்சியாம்! ஒரு ஆள் கனத்தை மூன்று மாடி சுமந்தவனின் மூஞ்சி இவருக்குச் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனாலும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய இடத்தில் வாயடைத்து நிற்பது எனக்குப் புதிதில்லை. அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்ல வருகிறேன்.

பெட்டியைப் பிரித்ததும் தெர்மாகோல் வாசனையும் வியர்வை வாசனையும் சேர்ந்து வந்தன. அது மூக்கில் ஏறினால் நான் நேரு வீதிக்குப் போய்விடுவேன். படிப்பு முடிந்ததும் அங்கே ஒரு வீட்டுச் சாமான் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. பெயர் என்னவோ பெரிது, டெலிவரி அசிஸ்டென்ட். குட்டி யானை வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்துபோய்க் கையெழுத்து வாங்கி வர வேண்டும், அவ்வளவுதான். தூக்குவது காதர் பாயும் டிரைவர் ஏழுமலையும்.

கடற்கரைப் பக்கத்துப் பழைய வீடுகளின் மரப்படிகளைப் பார்த்திருப்பீர்கள். வெறும் ஆள் ஏறினாலே முனகும். ஃப்ரிட்ஜைச் சாய்க்கக் கூடாது என்பதால் பாய் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்புறமாகவே படியேறுவார். நான் கீழே நின்று "பாத்து பாய், பாத்து" என்பேன். என் உழைப்பு அத்துடன் முடிந்தது.

ஃப்ரிட்ஜை வைத்ததும், "கரண்ட் இப்பவே போடாதீங்கம்மா, கொஞ்ச நேரம் நிக்கட்டும்" என்பார். பிறகு கயிற்றை மடிக்க ஆரம்பிப்பார். அரை நிமிடத்தில் சுருட்டக்கூடிய கயிறு. அவர் நுனியைத் தேடி, முறுக்கைப் பிரித்து, சாவகாசமாக மடிப்பார். தலை நிமிராது. கொடுக்க நினைப்பவர்கள் கொடுக்கலாம், அதற்கான நேரம் அது. பிரான்சில் இருந்துவிட்டு வந்த குடும்பங்களில் அதற்குப் பூர்புவார் என்று பெயர். கொடுத்துவிட்டு மெர்சி என்று நன்றியும் சொல்வார்கள். மற்ற வீடுகளில் டீச்செலவு. சில வீடுகளில் ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடையாது, அதுவும் ஃப்ரிட்ஜ் வாங்கிய வீட்டில்! எல்லோருக்கும் அதே குரலில் "வரேம்மா" சொல்லிவிட்டு இறங்குவார். வாய் திறந்து கேட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அடுத்த மாதம் அவரை நிரந்தரமாக்குவதாகக் கடையில் சொல்லியிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான், சாமான் வாங்கியவர்களிடம் கேட்டு நான் நிரப்ப வேண்டிய புதுப் படிவம் ஒன்று வந்தது. கடைசிக் கேள்வி: 'ஊழியர்கள் பணம் பெற்றார்களா? ஆம் / இல்லை.'

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வீடு. ஏசி மாட்டி முடித்ததும் பாயின் கையைப் பிடித்துப் பணத்தை வைத்தார். "புள்ளைங்களுக்கு ஏதாச்சும் வாங்கிட்டுப் போங்க பாய்." மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம். படிவத்தை நீட்டிக் கடைசிக் கேள்வியைப் படித்தேன்.

"குடுத்தனே! ஆமான்னு போடு தம்பி."

கொடுத்ததில் அவருக்குப் பெருமை. உள்ளதை உள்ளபடி எழுதுவதில் எனக்குப் பெருமை. 'ஆம்' என்பதைச் சுற்றி அழகாக ஒரு வட்டம் போட்டேன். மடையன்!

திங்கட்கிழமை பாயை மேனேஜர் கூப்பிட்டார். நானும் அறைக்குள் நின்றேன். "கஸ்டமர்கிட்ட கை நீட்டுறவன் எனக்கு வேணாம்" என்றார். பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். 'அவர் கேட்கவில்லை சார், அவர்களாகவே கொடுத்தார்கள்' என்று நான் சொல்லியிருந்தால் போதும். வேலைக்குச் சேர்ந்து நாலே மாதம். எனக்கு என் வேலை பெரிதாக இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்து, "பாய், நான் வேணும்னு..." என்று இழுத்தேன்.

"நீ எழுதுனது பொய் இல்லியே தம்பி" என்றார். சட்டையைப் பிடித்துத் திட்டியிருந்தாலும், அறைந்திருந்தாலும் மறந்திருப்பேன். அவர் அதற்குப் பிறகு இங்கேயே ஊர்க்கோடியில் இருக்கும் மேட்டுப்பாளையத்தில் தினக்கூலிக்கு லோடு இறக்கப் போனதாக ஏழுமலை சொன்னான். நான் போய்ப் பார்க்கவில்லை. இப்போது இதைச் சொல்லும்போதும் என்மேல்தான் ஆத்திரம் வருகிறது. செயலாளர்மேல் வருவதில் பாதி இந்தப் பழைய ஆத்திரம்தான்.

காலையில் வந்த அந்த மூத்தவரைத் தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். நின்றபடியே குடித்தார். பணத்தை வாங்காமல் செல்போனைக் காட்டினார்.

"வேணாம் சார். அஞ்சு ஸ்டார் மட்டும் போட்டுடுங்க. போன மாசம் யாரோ ஒரு ஸ்டார் போட்டுட்டாரு, ரெண்டு வாரம் வேலையே வரல. எதுக்குன்னு கேக்கலாம்னா யார்கிட்ட கேக்குறதுன்னே தெரியல."

ஐந்தும் போட்டேன். பணத்தையும் அவர் சட்டைப்பையில் திணித்தேன். அவர் இறங்கிப் போன பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. காதர் பாயை வேலையைவிட்டுத் துரத்த அன்றைக்கு ஒரு மேனேஜர் வேண்டியிருந்தது. அவருக்கு முன்னால் ஒரு மேசை இருந்தது. அதில் ஓங்கிக் குத்தி, இது அநியாயம் என்று கத்தியிருக்கலாம். நான் கத்தவில்லை. இன்றைக்குக் கத்தலாம் என்று பார்த்தால், அந்த மேசையே இல்லை.