படம் முடியும்போது உள்ளே போகிறவன்

மெல்பேர்னில் ஒரு சிறிய திரையரங்கில் துப்புரவு வேலை செய்கிறேன். படம் முடியப்போகும்போது, பெயர்கள் ஓடத் தொடங்குமுன்பே கூட்டுகிற தும்புத்தடியோடு கதவுக்குள் போய் நிற்க வேண்டும். அடுத்த காட்சிக்குப் பதினைந்து நிமிடம்தான் இருக்கும். அதனால் எந்தப் படமானாலும் எனக்குத் தெரிந்தது அதன் கடைசித் துண்டு மட்டும்.

யூதர்களை அடைத்து வைத்த வதைமுகாம்கள் பற்றிய படங்கள் அங்கே அடிக்கடி வரும். அந்த நாட்களில் பொப்கோர்ன் பெட்டிகள் பாதிக்கு மேல் மிச்சம் கிடக்கும். நான் பார்த்த முடிவுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி: பனி, திறந்த வாசல், இராணுவ வண்டி, ஒரு வயலின். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கொன்றார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்தான். ஆனாலும் கண்ணால் கண்டதெல்லாம் வாசல் திறப்பது என்பதால், எப்படியோ தப்பி வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்ற எண்ணம் மனதில் படிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமைப் பகல் காட்சிக்கு ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண் தனியாக வருவார். ஒருநாள் வெளிச்சம் போட்ட பிறகும் எழும்பவில்லை. எனக்கோ நேரம் போகிறது, மேலாளர் ஏசப்போகிறார் என்ற பதற்றம். நல்லதாக எதையாவது சொன்னால் எழும்புவார் என்று நினைத்து, என் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன்: "நல்ல முடிவு, மேடம். எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்."

"எந்த வீட்டுக்கு?" என்றார். "என் அம்மா அந்த வாசலால் வெளியே வரவில்லை."

தன் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

முறைப்பாடு கொடுப்பாரோ, வேலை போய்விடுமோ என்று ரோவில் என்ற புறநகரில் இருக்கும் என் அறைக்கு வந்தும் ஆறவில்லை. சிட்னி நார்த்மீட்டில் இருக்கும் தங்கைக்கு போன் எடுத்தேன்.

"ஏன் அண்ணை, படம் பாக்க வந்த மனுசியிட்டைப் போய் முடிவு நல்லம் எண்டு சொல்லுறதே? உங்களிட்டை ஆர் விமர்சனம் கேட்டது?"

"எழும்புறாவில்லையடி. நான் வேறை என்ன சொல்லுறது?"

"'மேடம், கூட்டப்போறன்' எண்டு சொல்லுறதுதானே!" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "முகாமிலையிருந்து விட்ட அண்டைக்கு நீங்கள் எந்த வீட்டுக்கு அண்ணை போனனீங்கள்?"

இலங்கையில் போர் முடிந்தபோது வன்னி முகாமில் முட்கம்பிக்குள் இருந்தவன் நான். யூதர்களைக் கொல்லவென்றே கொண்டுபோனார்கள். அதையும் இதையும் ஒன்றென்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வாசல் திறந்த அன்று ஒரு பையோடு, மனைவி இல்லாமல் பஸ்சில் ஏறியவனும் நான்தான். அந்த நான்தான் அவரிடம் அப்படிச் சொன்னேன்.

அடுத்த இரண்டு செவ்வாயும் அவர் வரவில்லை. வேலை போகும் என்ற பயம் போய், மன்னிப்புக் கேட்காமலே விட்டுவிடுவேனோ என்ற பயம் பிடித்தது. அந்த வயதில் ஒருவர் வராவிட்டால் எதைத்தான் நினைப்பது?

லீவு நாளில் டிக்கெட் வாங்கி அதே படத்தை முதலிலிருந்து பார்த்தேன். நூலகத்தில், அந்த வதைமுகாமில் இருந்த ஒருவரின் நினைவுகளைத் தமிழில் எடுத்து மெதுமெதுவாக வாசித்தேன். புத்தகத்தில் அவர் சாப்பிடாமல் மிச்சம் பிடித்த ஒரு துண்டுப் பாணை எங்கே ஒளிப்பது என்று இரண்டு பக்கம் யோசிக்கிறார். படத்தில் அதற்கு நேரமில்லை. யாராவது அழுதால் மட்டும் வயலின் வந்துவிடும்.

மூன்றாவது செவ்வாய் அவர் வந்திருந்தார். எல்லோரும் போன பிறகு கிட்டப் போனேன்.

"மன்னிக்க வேண்டும், மேடம். நான் முடிவை மட்டும் பார்க்கிறவன். இப்போது முழுதாகப் பார்த்தேன்."

"எப்படி இருந்தது?"

பயத்தில் உண்மை வந்துவிட்டது. "எல்லோருக்கும் பல் நன்றாக இருக்கிறது. சாப்பாட்டு வரிசையில் யாரும் யாரையும் இடிக்கவில்லை."

அந்த வெறும் மண்டபத்தில் அவர் உரத்துச் சிரித்தார். "பல்! ஒவ்வொரு படத்துக்கும் நான் மகனிடம் இதைத்தான் சொல்கிறேன். 'அம்மா, அவர்கள் நடிகர்கள்' என்பான்." பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "வரிசையைப் பற்றி உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கேட்டுவிட்டு, பக்கத்துக் கதிரையில் கிடந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்தார். என்னை அதில் இருக்கச் சொல்கிறார் என்று விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இந்த நாட்டில் அப்படி ஒரு கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் என் அகதி விண்ணப்பத்தை விசாரித்த அதிகாரிகள் மட்டும்தான். முதல்முறை சொன்னதை அடுத்த முறையும் மாறாமல் சொல்ல வேண்டும். ஒரு திகதி பிசகினாலும் பொய்யன். அந்தப் பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது.

"ஒரு படத்தில் பார்த்தேன்," என்றேன்.

"அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை," என்றார்.

கொஞ்சம் காத்திருந்தார். வெளியே அடுத்த காட்சிக்குச் சனம் சேரும் சத்தம் கேட்டது. கதிரையின் கைப்பிடியை ஊன்றி எழும்பினார். நான் குனிந்து கூட்டத் தொடங்கினேன். கதவடியில் அவர் ஒருமுறை நின்றது எனக்குத் தெரியும். நான் நிமிரவில்லை.