பத்து நிமிடச் செவ்வாய்

போன கிழமை என் தங்கையின் மகள் கைபேசியோடு வந்து பக்கத்தில் இருந்தாள். "பெரியம்மா, பிறந்த நேரத்தைச் சொல்லுங்கோ. உங்கடை குறிப்பை இதிலை பாப்பம்."

சொன்னேன். உடனே அந்தக் கைபேசி ஒரு கேள்வி கேட்டது: வாக்கியமா, திருக்கணிதமா? எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்தக் கேள்வியால் என் கலியாணமே ஒருகாலம் அந்தரத்தில் நின்றது.

அப்போது யாழ்ப்பாணத்தில் வீடுகளே இரண்டு சாதி: வாக்கியப் பஞ்சாங்க வீடு, திருக்கணிதப் பஞ்சாங்க வீடு. சில வருடம் வேலிக்கு இந்தப் பக்கம் இன்று கார்த்திகை விளக்கீடு, அந்தப் பக்கம் நாளை. எங்கள் வீடு வாக்கியம். அதன்படி எனக்கு எட்டில் செவ்வாய். அப்படிப்பட்டவளைக் கட்டினவன் உயிரோடு இருக்கமாட்டான் என்பார்கள். செவ்வாய் உள்ள மாப்பிள்ளைதான் பொருந்துமாம். அவர்களோ எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ஜேர்மனிக்கும் கனடாவுக்கும் பறந்துவிட்டார்கள். மானிப்பாயில் கணக்குப் படிப்பித்துக்கொண்டு, இருபத்தெட்டு வயதில், கண்டறியாத ஒரு கிரகத்தின்மேல் கடுங்கோபத்தோடு இருந்தேன்.

அந்தக் கோபத்தில்தான் சாத்திரம் படிக்கத் தொடங்கினேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர், நான் பிறந்த வருடத்துத் திருக்கணிதப் பஞ்சாங்கத்தைச் சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுவந்து தந்தார். நாற்பது வருடத்துப் பஞ்சாங்கங்களைப் பூச்சி அரிக்காமல் வேப்பிலை வைத்துக் கட்டி வைத்திருந்த வீடு அவருடையது. "ரீச்சர், உதிலை பாத்தால் வேறை மாதிரி வந்தாலும் வரும்" என்றார். பஞ்சாங்கம் தரத்தான் வந்தாரா என்று மற்ற ரீச்சர்மார் கண்ணைச் சிமிட்டினார்கள். எனக்கும் தெரியாமல் இல்லை. இன்றைக்கும் வேப்பிலை மணத்தால் எனக்கு வெட்கம் வரும், நம்புங்கள்.

கொஞ்ச நாளில் நானே அரைச் சாத்திரியாகிவிட்டேன். முன்பெல்லாம் கலியாணத்துக்கும் அரசாங்க வேலைக்கும் குறிப்பைத் தூக்கிய சனம், அந்த நாட்களில் வேறு கேள்விகளோடு வந்தது. பெடியன் வெளிநாடு போய்ச் சேருவானோ? இராணுவத்திடம் பிடிபட்டவன் திரும்புவானோ? ஒரு தாய் மகனின் குறிப்பை என் மடியில் வைத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை, உயிரோடை இருக்கிறான் எண்டு மட்டும் சொல்லு." "இருக்கிறான் அம்மா" என்றேன். குறிப்பை நான் விரிக்கவே இல்லை.

என் விஷயத்துக்கு வருகிறேன். பஞ்சாங்கம் தந்தவர் என்னைப் பெண் கேட்டார். அவருடைய அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "செவ்வாய் எண்டால் வேண்டாம். எனக்கு இருக்கிறது இவன் ஒருத்தன்தான்." நான் பிறந்தது ஒரு லக்கினம் முடிந்து அடுத்தது தொடங்கிய சில நிமிடங்களில். நேரம் கொஞ்சம் பிந்தியோ முந்தியோ போனால் செவ்வாயும் வீடு மாறிவிடும். மணிக்கூட்டு நேரத்தில் யாழ்ப்பாணத்துக்கென்று பத்து நிமிடம் கழிக்க வேண்டும். கழித்தேன், பெருக்கினேன், ஒரு கொப்பியையே நிரப்பினேன். கடவுளே, செவ்வாய் ஒன்பதில்! ஒன்பதில் என்றால் குற்றம் இல்லை. துள்ளிக் குதிக்காத குறை.

அவருடைய அம்மா லேசில் விடவில்லை. கொப்பியை வாங்கி மகனிடம் நீட்டினார். "தம்பி, நீயும் ஒருக்கால் பார்."

அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு கொப்பியை மூடினார். "சரியாத்தான் இருக்கு."

அடுத்த ஆவணியில் கலியாணம். பிறகு போரில் பாதைகள் மூடப்பட்டு, கொழும்புக்குப் போகக் கடற்படையின் சூட்டுக்குத் தப்பிக் கிளாலிக் கடலை வள்ளத்தில் கடக்க வேண்டிய காலம் வந்தது. அவர் மூன்று தரம் போய்வந்தார். மற்றப் பெண்கள் சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைத்து அழுதபோது நான் கல்லுமாதிரி இருந்தேன். ஒன்பதில் செவ்வாய் அல்லவா! தொண்ணூற்றைந்தில் காணி உறுதியும் குறிப்புகளும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, சனத்தோடு சனமாக இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தோம். பஞ்சாங்கங்களை விட்டுவிட்டோம். திரும்பி வந்தபோது வேப்பிலைத் தும்புகூட இல்லை.

கைபேசியின் கேள்விக்குத் தங்கையின் மகள் திருக்கணிதத்தைத் தட்டினாள். "ஐயோ பெரியம்மா, உங்களுக்கு எட்டிலை செவ்வாய்!"

"உன்ரை போனுக்கு விசர்" என்று சொல்லிவிட்டுப் பேனையை எடுத்தேன். அரை மணித்தியாலத்தில் பிடிபட்டது. அந்தப் பத்து நிமிடத்தை அன்றைக்கு இரண்டு தரம் கழித்திருக்கிறேன். பெரிய கணக்கு ரீச்சர்!

கடதாசியோடு முற்றத்துக்கு ஓடினேன். "இஞ்சருங்கோ, நான் பிழை விட்டிட்டன்."

அவர் செவ்வரத்தைச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "ஓம். ரெண்டுதரம் கழிச்சனீர்."

"தெரிஞ்சுகொண்டோ சரியெண்டு சொன்னனீங்கள்?"

"பிழையெண்டு சொன்னால் அம்மா விட்டிருப்பாவே?"

சாத்திரத்தை என்னைவிட நம்பினவர் அவர். எட்டில் செவ்வாய் என்று தெரிந்துகொண்டே மூன்று தரமும் அந்த வள்ளத்தில் ஏறியிருக்கிறார். நான் வீட்டில் நிம்மதியாகத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தேன். அவர் வாளியை நிரப்பப் போய்விட்டார்.

தங்கையின் மகளுக்கும் ஒரு இடம் பேசுகிறார்கள். பொருத்தத்தைக் கைபேசியே ஒரு நொடியில் சொல்லிவிடுமாம். அதில் பிழை வராது. "தம்பி, நீயும் ஒருக்கால் பார்" என்று ஒருவரிடம் நீட்டவும் இனி ஒரு கொப்பி இல்லை.