மேல்தோப்பு வெளிச்சம்

மேலே ஒரு மனிதர் ரத்தம் ஒழுகக் கிடந்தார். நான் கீழே என் தோப்புக் காவல் பரணில் உட்கார்ந்து அவருக்கு டார்ச் காட்டிக்கொண்டிருந்தேன். எப்படிச் சொன்னாலும் என் மடத்தனம் குறையாது, நடந்தபடியே சொல்கிறேன்.

ராணுவத்திலிருந்து வந்தபின் குற்றாலத்தில் மலையடியில் தென்னை வைத்திருக்கிறேன். எனக்கு மேலே ஓர் அண்ணாச்சியின் தோப்பு, அதற்கு மேலே காடு. யானை இறங்கினால் வெடி போடுவோம். அது போனதும் டார்ச்சை இரண்டு தடவை அணைத்துப் போடுவோம். 'யானை போயிட்டு, நீ தூங்கு' என்று அர்த்தம். பார்த்தவனும் அப்படியே பதில் காட்டுவான்.

அன்றைக்குச் சாரல் பெருமழையாகியிருந்தது. மேலே ஏதோ இரைந்தது. செங்கோட்டை ரோட்டில் லாரி திணறுகிறது என்று நினைத்தேன். பிறகு டமாரென்று ஒரு சத்தம். அண்ணாச்சி வெடி போடுகிறார் என்று எழுந்து உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் மேலே மூட்டத்துக்குள் டார்ச் இரண்டு தடவை மின்னியது. நானும் இரண்டு தடவை காட்டினேன். மறுபடி மின்னியது, மறுபடி காட்டினேன். ஐந்தாறு தடவை ஆனதும் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "தெரிஞ்சுட்டு அண்ணாச்சி, படுங்க!" என்று இருட்டைப் பார்த்துக் கத்திவிட்டுப் போர்த்திக்கொண்டேன்.

இரண்டு மணி நேரம் கழித்து அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது.

"ஏலே, என் தோப்புப் பக்கம் யானை வந்துச்சா? மழைன்னு நான் இன்னைக்கு அங்கன வரல. தென்காசியிலதான் கெடக்கேன்."

அப்படியானால் டார்ச் அடித்தது யார்? அந்த டமார் வெடியே இல்லை, யாரோ உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

போலீசுக்குப் போன் போட்டுவிட்டுத் தனியாக ஏறினேன். பாறையெல்லாம் வழுக்கியது, இரண்டு தடவை விழுந்தேன். "டார்ச் அடிங்க, டார்ச் அடிங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மேலே ஒரே இருட்டு. கடவுளே, இன்னும் ஒரே ஒரு தடவை மின்னட்டும் என்று கெஞ்சிக்கொண்டே ஏறினேன்.

பெட்ரோல் வாசனைதான் வழி காட்டியது. ஒரு குட்டி விமானம் மரங்களுக்கிடையில் நொறுங்கிக் கிடந்தது. கால் முறிந்த இளைஞர் ஒருவர், விமானியின் தலையை மடியில் வைத்திருந்தார். விமானியின் உடம்பில் இன்னும் சூடு இருந்தது. பட்டாளத்தில் படித்ததையெல்லாம் செய்தேன், நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"நீங்கதானே சார் டார்ச் காட்டினது?" என்றார் இளைஞர். "பாத்துட்டாங்க, இனி கத்த வேண்டாம், வந்துருவாங்கன்னு இவர்தான் சொன்னார். பேட்டரி தீர்ற வரைக்கும் உங்க பக்கமே பாத்துட்டிருந்தார்."

நான் துண்டைக் கிழித்து இளைஞரின் காலுக்குக் கட்டுப் போட்டேன்.

மூன்று மாதம் கழித்து விமானியின் மனைவி வந்தார். "கடைசி நேரத்துல அவரைத் தனியா விடாம வெளிச்சம் காட்டினீங்களே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எப்படிக் காட்டினீர்கள் என்று கேட்டார். டார்ச்சை எடுத்து இரண்டு தடவை போட்டுக் காட்டினேன். அந்த டார்ச்சைப் பிள்ளைகளிடம் காட்ட வேண்டும், தருவீர்களா என்றார்.

கொடுத்துவிட்டேன். இரண்டு தடவை போட்டால் என்ன அர்த்தம் என்று மட்டும் சொல்லவில்லை.