காய்ச்சியும் போகாத கறை

விறகுப் புகையின் வாடை கலந்துதான் என் சிறுவயதுக் குடிநீர் தொண்டையில் இறங்கும். சங்ககிரிப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டு வாசலில் அப்பா போட்ட போர்த் தண்ணீரை அம்மா அடுப்பில் கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டி, ஆறவைத்துத் தருவாள். பக்கத்து வீடுகளில் அப்படியே மொண்டு குடித்தார்கள். எங்களுக்கு மட்டும் "பச்சத்தண்ணி" கூடாது.

பால்பற்கள் விழுந்து முளைத்த என் முன்பற்களில் சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன. ஐந்தாம் வகுப்புக்குள் அவை பழுப்பாகிவிட, பள்ளியில் எனக்குக் "காவிப்பல்லி" என்று பெயர் வந்தது. எனக்குச் சரியாகப் பல் விளக்கத் தெரியவில்லை என்று நினைத்த அம்மா, தினமும் காலையில் என் தாடையைப் பிடித்துக்கொண்டு, உப்பையும் கரித்தூளையும் தொட்டுத் தன் விரலாலேயே ஈறு எரியத் தேய்ப்பாள். "இன்னங் கொஞ்சம் பொறுத்துக்க சாமி, போயிரும்" என்பாள். போகவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகினேன்.

அடுத்த வருடம் பள்ளியில் பல் மருத்துவ முகாம் நடந்தது. கைக்குழந்தையாக இருந்த தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவும் வந்திருந்தாள். என் வாயைப் பார்த்த டாக்டரம்மா, வீட்டில் என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார்.

"போர்த் தண்ணிங்க. ஆனா ஒரு நாளும் பச்சத்தண்ணி குடுத்ததில்லீங்க, காச்சித்தானுங்க குடுக்கறேன்" என்றாள் அம்மா, கொஞ்சம் பெருமையாகவே.

"காய்ச்சினா கிருமி சாகும்மா. இது கிருமி இல்ல, ஃப்ளோரைடு. உப்பு மாதிரி தண்ணியிலயே கரைஞ்சிருக்கு. தண்ணி சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும். பல்லு உள்ள வளரும்போதே ஏறின கறை, தேய்ச்சாப் போகாது. சின்னவனுக்காவது தண்ணிய மாத்துங்க."

வீட்டுக்கு வந்து தம்பியைத் தொட்டிலில் போட்டதும் அம்மா என் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். "இத்தன நாளும் ரொம்ப வலிச்சுதா சாமி?" என்று கேட்டாள். இல்லை என்றேன். வலித்திருந்தது, அவளுக்கும் அது தெரியும்.

அப்போது காவிரித் தண்ணீர் மெயின் ரோட்டுக் குழாய் வரைக்கும்தான் வந்தது, அதுவும் வந்தால் உண்டு. சைக்கிளில் இரண்டு பக்கமும் குடங்களைக் கட்டிக்கொண்டு அம்மா அங்கே போக ஆரம்பித்தாள். "வாசல்ல தண்ணிய வெச்சுக்கிட்டு ரோட்டுக்கு எதுக்குப் போற?" என்று அப்பா சத்தம்போட்டார். கடன் வாங்கிப் போட்ட போர் அது. "அது குளிக்கத் தொவைக்க இருக்கட்டுங்க. ஊட்ல குடிக்க இனி இதுதான்" என்றாள்.

தம்பிக்குப் பல் விழுந்து முளைத்தபோது வெள்ளையாகவே முளைத்தது. அவன் வாயைத் திறக்கச்சொல்லி அம்மா வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். "பாருங்க, பாருங்க" என்று அப்பாவைக் கூப்பிட்டாள். பிறகு நான் நிற்பதைப் பார்த்துச் சட்டென்று அவனை விளையாட அனுப்பிவிட்டாள்.

இப்போது நான் சேலத்தில் இருக்கிறேன். சுத்திகரித்த தண்ணீர் நல்லதா, குழாய்த் தண்ணீர் நல்லதா என்று அக்கம்பக்கத்தில் பேச்சு வரும்போதெல்லாம், உங்கள் குழாயில் வருவது எந்தத் தண்ணீர் என்றுதான் முதலில் கேட்பேன். எங்கள் குழாய்க்கு வருவது ஆற்றுத் தண்ணீர். பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்தோம், குறையில்லை என்றார்கள். தொட்டியைக் கழுவிவைத்து, காய்ச்சிக் குடிக்கிறோம். ஃப்ளோரைடு உள்ள போர்த் தண்ணீரையே குடித்தாகவேண்டிய வீடாக இருந்தால் அதைப் பிரித்தெடுக்கும் இயந்திரத்தை மறுபேச்சில்லாமல் வாங்கச் சொல்வேன். மூடி ஒட்டிய கேன் என்பதற்காக மட்டும் எதையும் நம்பமாட்டேன்.

ஊரில் இன்று வீட்டுக்கு வீடு காவிரித் தண்ணீர் வருகிறது. எங்கள் தெருப் பிள்ளைகளின் பற்களில் அந்தப் பழுப்பு இல்லை. எங்கள் வயதுக்காரர்கள் சிரித்தால் மட்டும், எந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் என்று தெரிந்துவிடும்.