கைக்கு வராத பணத்துக்கு வரி

அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பன்னிரண்டு என்பார்கள். கம்பெனி தொடங்கியபோது பன்னிரண்டாவது ஆளாகச் சேர்ந்த எலக்ட்ரீசியன். முழுச் சம்பளம் கொடுக்க வழியில்லாத முதலாளி, மீதிக்கு ஒரு காகிதத்தை நீட்டினார். "பின்னாடி கம்பெனிப் பங்குல நாலாயிரம் வரைக்கும் நீங்க வாங்கிக்கலாம். ஒண்ணு பத்து ரூபாதான், வெளிய என்ன விலை வித்தாலும்" என்றார். பன்னிரண்டு அதை மடித்து டெஸ்டர் வைக்கும் பையில் போட்டுக்கொண்டார். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற மனிதர்.

பதினோரு வருடம் கழித்து கம்பெனி பங்குச் சந்தைக்குப் போனது. பத்து விலைப் பங்கு வெளியே ஆயிரத்து ஐந்நூறு! பன்னிரண்டுக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பதாயிரம் கட்டி நாலாயிரத்தையும் வாங்கிப் போட்டார்.

சம்பளக் கணக்குப் பார்க்கும் பெண் அன்றைக்கே அவரைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணா, மூணுல ஒரு பாகத்த இன்னைக்கே வித்துருங்க. நீங்க குடுத்த பத்துக்கும் இன்னைய விலைக்கும் உள்ள வித்தியாசம் உங்க சம்பளக் கணக்குல சேந்துரும். வருஷக் கடைசியில பதினெட்டு லட்சம் வரி கட்டணும்."

"நான் விக்கவே இல்லையேம்மா?"

"விக்காட்டியும் கட்டணும்ணா. சட்டம் அப்படி."

கேட்டிருக்கலாம். ஆனால் அந்த முதல் பன்னிரண்டு பேருக்குள் ஒரு பழக்கம். பங்கை விற்றவனை 'இறங்கிட்டான்' என்பார்கள், என்னவோ ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்துவிட்டவன் மாதிரி. "எலக்ட்ரீசியன்தான் மொதல்ல இறங்குவாரு" என்று ஓர் இன்ஜினியர் சிரித்துக்கொண்டே சொன்னான். அந்த ஒரு பேச்சுக்காகப் பாவி மனிதர் ஒரு பங்குகூட விற்கவில்லை.

எட்டே மாதத்தில் விலை தொண்ணூறுக்கு வந்து விழுந்தது. முதலாளியும் அந்த இன்ஜினியரும் எப்போதோ சத்தமில்லாமல் விற்றுவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நினைத்தாலே வயிறு எரிகிறது. வரி மட்டும் பதினெட்டு லட்சத்திலிருந்து அசையவில்லை. அத்தனையும் விற்றாலும் தேறுவது மூன்றரை லட்சம்.

"நஷ்டத்தக் கழிச்சுக்க விடமாட்டாங்களாம்மா?"

"வேற பங்குல லாபம் வந்தா அதுல கழிக்கலாம்ணா. சம்பளத்துல முடியாது" என்றாள் அந்தப் பெண்.

மிச்சம் இருந்தது வீடு. இரண்டே அறை. அம்மா போனபிறகு அவரை வளர்த்த அக்கா, முப்பது வருடம் தையல் ஆலையில் காலர் தைத்து வாங்கியது. தம்பி பெயரையும் சேர்த்துப் பதிந்திருந்தாள். வீடு போவதைவிட அக்கா தன்னை வெறுத்துவிடுவாளோ என்பதுதான் அவருக்குப் பயம். அவளை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்? மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. நாலாம் நாள் சாயங்காலம் வீட்டை விற்கும் பத்திரத்தைச் சமையலறை மேசையில் வைத்து ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார்.

அவர் சொல்லி முடித்தபிறகுதான் அக்கா கேட்டாள்.

"அந்தப் பணம் ஒரு நாளாவது உன் கையில இருந்துச்சாடா?"

"இல்லக்கா."

"வாங்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளிடம் அவருக்கு அது வராது.

"தோணலக்கா."

"அந்தப் பொண்ணு வித்துருங்கன்னு சொன்னப்ப? அப்பவும் வீட்டுல ஒருத்தி இருக்கான்னு ஞாபகம் வரல?"

அவள் அழுதிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

அக்கா பேனாவை எடுத்து, அவர் காட்டிய மூன்று இடத்திலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். காகிதத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"வாடகைக்கு வீடு பாக்கறப்ப, எனக்குத் தனியா பாருடா" என்றாள்.